பயத்துக்கு எத்தனை மதிப்பெண்

உளவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவளை யாரும் சும்மா விடவில்லை. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்" என்பார். "டீ வேணும்னு நினைக்கிறீங்க" என்பாள் அவள். "படிப்பு வேலை செய்யுதுடா" என்று அவர் மகனைப் பார்த்துச் சொல்வார். பள்ளியில் படிக்கும் மகளோ, தன் கணக்கு டீச்சருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி தினமும் நச்சரித்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது மருத்துவமனை. வருகிறவர்களின் பெயரைப் பதிவது, அடுத்த தேதி கொடுப்பது, அழுகிற குழந்தைக்கு மீன்தொட்டியைக் காட்டுவது எல்லாம் அவள் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர்கள், உள்ளிருந்து வரும் இயந்திரச் சத்தத்தைக் கேட்டதும் "வண்டியைத் தப்பான இடத்துல நிறுத்திட்டேன்" என்று கீழே இறங்கி, அப்படியே காணாமல் போவதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் இப்படிப் பலமுறை வந்து திரும்பிப்போனவள், கடைசியில் சீழ் பரவி முகம் வீங்கி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதைக் கேள்விப்பட்ட வாரத்தில்தான் அவள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். காலையில் கல்லூரி, மதியத்திலிருந்து வேலை. கணவன் லிப்ட் மெக்கானிக். "சமையல் என் பொறுப்பு. ஆனா ருசியைப் பத்தி யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டான்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரிப்பு வெடித்தது. அன்றிலிருந்து வகுப்புக்கே அவள் 'அக்கா'.

மற்ற பாடங்கள் எப்படியோ ஓடின. புள்ளியியல்தான் கழுத்தைப் பிடித்தது. உளவியலுக்குள் இத்தனை கணக்கு ஒளிந்திருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் முறை தோற்றாள். மறுமுறையும் தோற்றாள். "விட்டுடேன், சும்மா படிச்ச வரைக்கும் லாபம்" என்று தங்கை போனில் சொன்னாள். "பாதி பல்லைப் பிடுங்கிட்டு யாராவது எழுந்து போவாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போடப் பழகினாள். மூன்றாவது முறை தேர்ச்சி பெற்றபோது, புள்ளியியல் பிடித்துப் போயிருந்தது என்பதுதான் வேடிக்கை.

இறுதி ஆண்டில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். மதியமானால் ஓடிவிடுகிற அக்காவோடு சேர யாரும் முன்வரவில்லை. கடைசியில் எஞ்சியவன் பென்சில். ஒல்லியாக, நெட்டையாக, எப்போதும் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கணக்கில் புலி. ஆனால் யாருடனும் ஒத்துப்போகமாட்டான்.

"எனக்கு இதுல டிஸ்டிங்ஷன் வேணும்" என்றான் முதல் வார்த்தையாக. "மேல படிக்கிற இடத்துல புராஜெக்ட் மார்க்கைத்தான் பார்ப்பாங்க. நீங்க நடுவுல விட்டுட்டுப் போயிடமாட்டீங்களே?"

"நான் புள்ளியியலையே மூணு தடவை எழுதினவ" என்றாள் அவள்.

என்ன ஆய்வு செய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பல் பிடுங்க வருகிறவரிடம், நடக்கப்போவதை ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் குறையும். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மகள் பிறந்தபோது பிரசவ அறையில் திடீரென்று எல்லோரும் ஓடினார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "என்னாச்சு" என்று அவள் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கண்விழித்தபோது வயிற்றில் தையல் இருந்தது, பக்கத்தில் குழந்தை இருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அந்தக் கட்டிலின் சக்கரச் சத்தம் இன்றும் அவள் கனவில் வரும். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்காது என்று அவள் உறுதியாக நம்பினாள்.

டாக்டர் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். "நல்ல ரிசல்ட் வந்தா பெருசா பிரேம் போட்டு வரவேற்புல மாட்டிடலாம்மா. பக்கத்துத் தெருக்காரன் ஏ.சி. போட்டிருக்கான், நம்மகிட்ட ஆராய்ச்சி இருக்கட்டும்" என்றார்.

வழிகாட்டியான பேராசிரியை, ஒவ்வொரு ஓட்டையாக அடைக்கவைத்தார். சம்மதித்தவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும். யாருக்கு முழு விளக்கம், யாருக்கு வழக்கமான சில வார்த்தைகள் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். கேள்வி கேட்டால் எல்லோருக்கும் பதில் உண்டு. விளக்கம் சொல்வது அவள். நாற்காலியில் உட்காருமுன் பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கேட்பது பென்சில். எதிரில் இருப்பவர் எந்தப் பிரிவு என்று அவனுக்குத் தெரியக்கூடாது. வந்ததும் கேட்கிற பொதுவான கேள்விகளோடு, 'நடக்கப்போவதை முன்னாலேயே தெரிந்துகொள்ள விரும்புவீர்களா' என்ற ஒன்றையும் பேராசிரியை சேர்த்துவிட்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

மாமனாரும் கடைவாய்ப்பல் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "சொந்தக்காரங்களைச் சேர்க்கக்கூடாது மாமா" என்றாள். "அப்ப பல்லை எடுக்கவே வேண்டாம்" என்று அவர் உடனே முடிவு செய்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுக்கும் சின்ன அறையில் நின்று, வாரக்கணக்கில் அவள் அதே வாசகங்களைச் சொன்னாள். "முதல்ல மரத்துப்போற ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் அழுத்தம் தெரியும், வலி தெரியாது. ஒரு சத்தம் கேட்கும், அது பல் அசையிற சத்தம்." கேட்டுக்கொண்டிருந்த சிலரின் தோள் மெல்லத் தளர்ந்தது. ஒரு லாரி டிரைவர் மட்டும் 'சத்தம்' என்றதுமே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேவையான எண்ணிக்கை சேர்ந்ததும், கல்லூரியின் கணினி அறையில் பென்சில் கணக்கை ஓட்டினான். இரண்டு பிரிவின் சராசரியும் திரையில் வந்தன. இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் நின்றன.

"தப்பா ஏத்திட்டியா?" என்றாள்.

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்க்கா."

அவளுக்கு வந்தது ஏமாற்றம்கூட இல்லை, ஒருவிதக் கூச்சம். தனக்கு மட்டும் நடந்த ஒன்றை ஊருக்கே நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தோமா என்று தோன்றியது.

பென்சில் அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தான். "இந்த ஆளைப் பாருங்க. வங்கி அதிகாரி. சட்டை முழுக்க வேர்வை, கை நடுங்குது, பயம் பூஜ்யம்னு சொன்னாரு. பொய். இவரை எடுத்துடலாம். அந்த லாரி டிரைவர் வர்றதுக்கு முன்னாடியே காய்ச்சல்னு சொன்னாரு, அவரையும் எடுத்துடலாம். இன்னும் ரெண்டு பேரு." நான்கு பேரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். சராசரிகள் விலகின. தற்செயல் இல்லை என்று சொல்லப் புள்ளியியல் கேட்கிற கோட்டைத் தாண்டி, அழகாக, அவள் நினைத்த பக்கமாகவே விலகின.

"வந்துடுச்சுக்கா."

அவளுக்கும் மனம் துள்ளியது. அதை மறுக்க முடியாது. அன்று மருத்துவமனையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, எந்தச் சுவரில் பிரேமை மாட்டலாம் என்றுகூடப் பார்த்தாள். நீக்கியதற்குக் காரணங்களும் சரியாகத்தானே இருந்தன. வங்கி அதிகாரி பொய்தான் சொன்னார், அவளே கண்ணால் பார்த்தாள்.

அப்போது ஒரு பெண் அடுத்த தேதி கேட்டு வந்தாள். கல்யாண நிச்சயத்துக்கு முன் பல்லைச் சரிசெய்ய வந்தவள். ஆய்வில் இருந்தவள். அன்று முழு விளக்கத்தையும் கேட்டுவிட்டு, பேனாவைப் பிடிக்க முடியாமல் விரல் நடுங்க, "பயமெல்லாம் இல்லை, பூஜ்யம் போட்டுக்கோங்க" என்று சிரித்தவள். அந்தப் பெண்ணுக்குத் தேதி எழுதிக் கொடுக்கும்போது இவள் கை அப்படியே நின்றது. வங்கி அதிகாரி சொன்ன அதே பூஜ்யம், அதே நடுக்கம். அவரை எடுத்தோம். இவளை ஏன் எடுக்கவில்லை?

மறுநாள் காலை கல்லூரி கேன்டீனில் பென்சிலிடம் அதையே கேட்டாள். "வங்கி அதிகாரி விளக்கம் கேட்காத பிரிவு. அவரோட பூஜ்யம் நமக்கு இடைஞ்சல். இந்தப் பொண்ணு விளக்கம் கேட்ட பிரிவு. இவளோட பூஜ்யம் நமக்கு சாதகம். வேற என்ன வித்தியாசம், சொல்லு."

அவன் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"நாலு பேரையும் திரும்பச் சேர்த்துடலாம்" என்றாள்.

"உங்களுக்கு என்னக்கா, சுலபமா சொல்லிடுவீங்க." குரல் உயராமலே சூடேறியது. "உங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. பட்டம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அதே மேசையில போய் உட்காருவீங்க. எனக்கு இது ஒண்ணுதான். ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னு எழுதினா யாரு மார்க் போடுவா?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. அதே மேசை என்று சொன்னதுதான் அதிகம் தைத்தது. ஆனால் அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. அவனுடைய மதிப்பெண்ணையும் சேர்த்தல்லவா தான் பணயம் வைக்கிறோம் என்று யோசித்தாள்.

இருவரும் பேராசிரியையிடம் போனார்கள். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். "என்ன முடிவு வந்துச்சுங்கறதுக்கு நான் மார்க் போடறதில்லை. எப்படிச் செஞ்சீங்கங்கறதுக்குத்தான். ஆனா வெளியில இருந்து வர்ற தேர்வாளர் எப்படிப் பார்ப்பார்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது. ரெண்டு பேரும் ஒத்து ஒரே அறிக்கை கொடுங்க" என்றார். வெளியே வந்ததும் பென்சில் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காய் நறுக்கிக்கொண்டே கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "அன்னிக்குப் பிரசவ அறையில என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பயந்திருக்கமாட்டேன். அது நிஜம்தானே? அப்புறம் ஏன் கணக்குல வரமாட்டேங்குது?"

கணவன் அடுப்பைத் தணித்தான். "உனக்கு நிஜம். என்கிட்ட அன்னிக்கு ஒரு நர்ஸ் எல்லாத்தையும் விவரமா சொல்ல வந்தா. நான்தான் வேண்டாம்மா, முடிஞ்சதும் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு மாடிப்படியில போய் உட்கார்ந்தேன். கேட்டிருந்தா அங்கேயே விழுந்திருப்பேன்."

"இதை ஏன் என்கிட்ட இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ கேட்கலையே. கேட்டாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலை. பெருமைப்படற மாதிரியா இருக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முதலில் கோபம்தான் வந்தது. தன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது இவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தானா என்று. பிறகு மாடிப்படியில் தனியாக அவன் உட்கார்ந்திருந்த கோலம் மனதில் வந்து, கோபம் பாதியிலேயே வடிந்தது. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. எதுக்கும் இருக்கட்டும் என்று பேராசிரியை சேர்த்த கேள்வி.

பென்சில் போனை எடுக்கவில்லை. அவளே கணினி அறையில் உட்கார்ந்தாள். தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களை ஒரு பக்கம், விரும்பாதவர்களை மறுபக்கம் பிரித்தாள். விரும்பியவர்களுக்கு விளக்கம் சொன்னபோது பயம் நன்றாகவே குறைந்திருந்தது. விரும்பாதவர்களுக்குச் சொன்னபோது ஏறியிருந்தது. ஒன்றை ஒன்று தின்றுவிட்டதால்தான் மொத்தத்தில் எதுவும் தெரியவில்லை. லாரி டிரைவரின் பயம் காய்ச்சலால் வந்தது இல்லை. வேண்டாம் என்று சொன்னவரிடம், சீட்டு அப்படி விழுந்ததென்று, அவளே நின்று சத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

திரையைப் படம் எடுத்து பென்சிலுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க அவனே வந்து நின்றான்.

"அக்கா, இது அதைவிடப் பெரிய விஷயம். பேசாம ஆரம்பத்துல இருந்தே இதைத்தான் எதிர்பார்த்தோம்னு எழுதிடலாம். யாரையும் நீக்கவும் வேண்டாம், எண்ணும் நிஜம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எதிர்பார்க்கலையே."

"அது நமக்கு மட்டும்தானே தெரியும்."

"அது போதாதா?" அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "இத்தனை கேள்வி கேட்டோம். எப்படிப் பிரிச்சாலும் ஏதோ ஒண்ணு தற்செயலா ஒத்து வரும். இது நிஜமா, தற்செயலான்னு மறுபடி ஒரு தடவை பார்த்தாத்தான் தெரியும். நான் நம்பினேன், அது பொய்யாப் போச்சு. அதுக்கப்புறம் இதைப் பார்த்தேன். அந்த வரிசையிலதான் எழுதணும். நாளைக்கு எவனாவது ஒரு டாக்டர் இதைப் படிச்சுட்டு, வேண்டாம்னு சொல்றவங்ககிட்ட ஒரு வார்த்தையும் சொல்லாம ஊசி போட ஆரம்பிச்சா?"

பென்சில் திரையில் இருந்த எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். "அந்த நடுங்கின பொண்ணைப் பத்தி நீங்க கேட்டதுல இருந்தே எனக்குத் தூக்கம் போச்சு" என்றான் கடைசியில். "எழுதுங்க. ஆனா கிராஃப் படம் எல்லாம் நான்தான் போடுவேன். நீங்க போடற படம் பார்க்கச் சகிக்காது."

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் கடும் ஜலதோஷத்தில் இருந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே அறிக்கையைப் புரட்டினார்.

"ஆக, இத்தனை மாசம் வேலை செஞ்சு ஒண்ணும் கண்டுபிடிக்கலை" என்றார்.

"நான் நினைச்சது தப்புன்னு கண்டுபிடிச்சேன் சார்" என்றாள். "எல்லாருக்கும் எல்லாத்தையும் சொன்னா நல்லதுன்னு நம்பினேன். அது சரியில்லைன்னு தெரியாம இருந்திருந்தா, அந்த மேசையில உட்கார்ந்து நிறைய பேரைப் பயமுறுத்தியிருப்பேன்."

அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "பூஜ்யம்னு சொன்ன இந்த ஆள், அறிகுறி எல்லாம் வேற மாதிரி இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நீக்கியிருக்கலாமே?"

அவள் வாயைத் திறக்குமுன் பென்சில் பேசினான். "நீக்கினோம் சார். நான்தான் நீக்கினேன். ரிசல்ட் அருமையா வந்துச்சு. அப்புறம், அவரை எடுத்தா அதே மாதிரி இருந்த இன்னொருத்தரையும் எடுக்கணும்னு இவங்க கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. அதனால திரும்பச் சேர்த்துட்டோம்."

தேர்வாளர் கைக்குட்டையை இறக்கிவிட்டு இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வேறொரு பக்கத்தைப் புரட்டி, எண்ணிக்கை குறைவு என்று பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடைந்தார்.

மதிப்பெண் வந்தது. முதல் வகுப்புதான், டிஸ்டிங்ஷன் இல்லை. பென்சில் ஆசைப்பட்ட இடத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "என் பிடிவாதத்தால உனக்கு நஷ்டம்" என்றாள். "நஷ்டம்தான்" என்றான் அவன், ஒளிக்காமல். "ஆனா வேற ஒரு இடத்துல நேர்காணல்ல இந்தக் கதையைச் சொன்னேன்க்கா. அவங்க நிறைய கேள்வி கேட்டாங்க. பார்ப்போம்." அந்த இன்னோர் இடத்தில் அவனுக்குக் கிடைத்தது. அவன் முதலில் விரும்பிய இடம் அது இல்லை என்பதும் உண்மை.

பட்டம் வாங்கிய அன்று மாமனார் கண்ணை மூடவில்லை. "இப்ப நீ என்ன நினைக்கிறே, அதைச் சொல்லு" என்று கேட்டார். "மறுபடி செய்யணும்னு நினைக்கிறேன்" என்றாள்.

டாக்டரிடம் அதைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார். "பிரேம் போடவும் ஒண்ணும் இல்லை. மறுபடியும் என் நேரத்தை எடுக்கப் பார்க்கிறே."

"இந்தத் தடவை என்ன எதிர்பார்க்கிறேன்னு முதல்லயே எழுதி மேடம்கிட்ட கொடுத்துட்டேன் டாக்டர். மாத்த முடியாது. வர்றவங்கள்ல பாதிப் பேர்கிட்ட, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு கேட்டு அவங்க இஷ்டப்படி நடந்துக்குவோம். மீதிப் பேருக்கு வழக்கம் போல. கேட்கறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"இதுவும் வரலைன்னா?"

"வரலைன்னு எழுதுவேன்."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். "திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பி" என்றுவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை மதியம் முதலில் வந்தவர் தாடை வீங்கிய ஒரு தச்சர். ஒப்புதல் வாங்கி, கேட்கும் பிரிவு என்று சீட்டு விழ, எக்ஸ்ரே அறையில் உட்காரவைத்து அவள் கேட்டாள்: "உள்ள என்ன நடக்கப்போகுதுன்னு முன்னாலேயே தெரிஞ்சுக்கணுமா, வேண்டாமா?"

"ஊசி உண்டா, அது மட்டும் சொல்லுங்க" என்றார் அவர். "மத்தது வேண்டாம்."

"உண்டு" என்றாள். சொல்லிப் பழகிய வார்த்தைகள் எல்லாம் நாக்கின் நுனி வரை வந்து நின்றன. அவற்றை விழுங்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, அவரோடு நாற்காலி வரை நடந்து போனாள்.